முதலில் அலகு, பிறகு முகம்: ரெயூனியன் மலைக்காட்டில் துயித்-துயித்தை உறுதி செய்வது

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனின் தலைநகர் சென் தெனியில் எந்த மொட்டை மாடியில் நின்று தெற்கே பார்த்தாலும், ஒரு பச்சைச் சரிவு மேகத்துக்குள் ஏறிப்போவது தெரியும். அந்தச் சரிவின் மேல்பாதியில், 2277 மீட்டர் உயர ரோஷ் எக்ரித் சிகரத்துக்கு வடக்கே கிடக்கும் காட்டில், ஏறக்குறைய 16 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கி வாழ்கிறது ஒரு பறவை. உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது. தீவின் பேச்சுமொழியான கிரியோலில் அதன் பெயர் துயித்-துயித். தமிழ்ப் பறவையார்வலர்கள் பெயர் வைக்கும் முறைப்படி ரெயூனியன் குயில்கீச்சான் எனலாம். 1866-இல் பொல்லன் என்ற டச்சு இயற்கையியலாளர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இன்று இருப்பவை எல்லாம் சேர்த்தும் நூறு ஜோடியை எட்டாது. அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களுக்கான பட்டியலின் மிக உச்சப் பிரிவில் இது இருக்கிறது.

இங்கே தமிழ் பேசுகிறவர்கள் பல வகை. கோயிலிலும் தமிழ் வகுப்பிலும் மட்டும் தமிழோடு உறவு வைத்திருக்கும் பழைய குடும்பங்கள் உண்டு. புதுச்சேரி, காரைக்கால், யாழ்ப்பாணம் என்று அண்மையில் வந்து சேர்ந்தவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மலையேறும் பழக்கம் எல்லோருக்கும் பொது. திங்கட்கிழமை காலையில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மங்கலான படம் வந்து விழும். "அண்ணே, ஷிகோ பாதையில எடுத்தது. துயித்-துயித்தானே?" அதற்குச் சரியான பதில் ஒரு கேள்விதான்: "அலகு என்ன நிறம் தம்பி?"

பத்தில் ஒன்பது படங்கள் அந்தக் கேள்வியோடு முடிந்துவிடும். அலகு ஆரஞ்சு என்றால் அது மெர்ல் பெயி.

மெர்ல் பெயி இந்தத் தீவின் சொந்தச் சின்னான். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பூனை கத்துவதுபோல் இழுத்துக் கத்திக்கொண்டு கூட்டமாகத் திரியும் கருஞ்சின்னானைப் பார்த்தவர்களுக்கு இது புதிய முகமாகத் தோன்றாது. இரண்டும் ஹிப்சிபெட்டஸ் பேரினம். துயித்-துயித்தின் பேரினம் லலாகே. நம் ஊர்க் கருந்தலைக் குயில்கீச்சானும் அதே லலாகேதான். (பழைய கையேடுகளில் துயித்-துயித்தைக் கொராசினா என்ற பேரினத்தில் தேட வேண்டும்.) ஊரில் கருஞ்சின்னானையும் குயில்கீச்சானையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. இங்கே குழப்பம் வருவதற்குக் காரணம் நிறம். இரண்டும் சாம்பல். இரண்டும் சாண் அளவுக்குச் சற்றுக் கூடுதல் குறைவான நீளம். ஒரே மரத்தில், ஒரே உயரத்தில், பெரும்பாலும் ஒரே மூடுபனிக்குள் உட்கார்ந்திருக்கும். எண்ணிக்கையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்: ஒரு காலை நடையில் மெர்ல் எத்தனை முறை கண்ணில் படும் என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே இந்தப் பறவையை அடையாளம் காண்பது என்பது முதலில் மெர்ல் பெயியைக் கழிப்பது. மெர்லைத் தெரியாமல் துயித்-துயித்தைத் தேடிப் போவது வீண். காட்டுக்குப் போகும் முதல் நாள் முழுவதையும் மெர்லுக்கே கொடுத்துவிடலாம். அது வலியவே வந்து நிற்கும் பறவை, ஆளைக் கண்டால் கிட்டே வந்து எட்டிப் பார்க்கும்.

வளர்ந்த மெர்லுக்கு அலகு பளிச்சென்ற ஆரஞ்சு. கண் வெளிறியது. தலையுச்சி கறுப்பு, கோபத்திலோ ஆர்வத்திலோ அந்தக் கறுப்பு இறகுகள் சிலிர்த்து நிற்கும். உடல் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே சாம்பல், வயிற்றுப் பக்கம் திடீர் வெளுப்பு இல்லை. வாலில் வெள்ளை கிடையாது.

துயித்-துயித் ஆணுக்கு அலகு கருமை, தடிப்பு, நுனியில் இலேசாக வளைந்தது. கண் கருமை. கறுப்பு இருப்பது தலையுச்சியில் இல்லை, முகத்தில்: அலகின் அடியிலிருந்து கண் வழியாகப் போகும் ஒரு முகமூடி. முதுகு அடர் சாம்பல். தொண்டையும் வயிறும் வெளிர் சாம்பலில் தொடங்கி வெள்ளையை நெருங்கும். மேலும் கீழும் இரு நிறமாகத் தெரிவது இதன் முக்கியமான அடையாளம். வால் கறுப்பு, நுனியோரங்களில் வெள்ளை. கிளையை விட்டுப் பறக்கும் அந்த ஒரு விநாடியில் வால் விரியும்போது வெள்ளை மின்னும். அடியிலிருந்து பார்க்கும்போதும் கறுப்பு வாலின் ஓரத்தில் அது தெரியும்.

பார்க்கும் வரிசையை மாற்றாதீர்கள்: அலகு, முகம், வால், வயிறு. ஏன் இந்த வரிசை? வயிற்றின் வெளுப்பு வெளிச்சத்தைப் பொறுத்தது. மேகத்தின் பின்னணியில் நிற்கும் எந்தப் பறவைக்கும் வயிறு கருத்துத் தெரியும். ஈரமான இலைகளிலிருந்து வெளிச்சம் மேலே அடித்தால் மெர்லின் வயிறுகூட வெள்ளையாகும். ஆரஞ்சு அலகு அப்படி எளிதில் மறைவதில்லை. சுமாரான தொலைநோக்கியிலும், சுமாரான வெளிச்சத்திலும், பக்கவாட்டில் ஒரு கணம் கிடைத்தால் போதும். எனவே கழிக்க வேண்டியதை முதலில் கழித்துவிட்டு, சேர்க்க வேண்டியதைப் பிறகு சேர்ப்பது நல்லது.

வழுக்கும் இடம் இளம் மெர்ல். அதன் உடலில் பழுப்பு கலந்திருக்கும், அலகும் ஆரஞ்சு ஏறாமல் மங்கியிருக்கும், தலையின் கறுப்பும் தெளிவாக இராது. கோடைக்காலத்தில், அதாவது இங்கே டிசம்பரிலிருந்து மார்ச் வரை, கூட்டை விட்ட குஞ்சுகள் காடு முழுக்க இருக்கும். "அலகு ஆரஞ்சு இல்லை, எனவே துயித்-துயித்" என்று ஒருவர் முடிவெடுப்பது இந்த மாதங்களில்தான். முகமூடியும் வாலின் வெள்ளையும் தெரியாவிட்டால் படத்தை ஒதுக்கி வையுங்கள். இளம் மெர்ல் அதிக நேரம் தனியாக இருக்காது. ஐந்து நிமிடம் காத்திருந்தால் ஆரஞ்சு அலகோடு தாயோ தகப்பனோ இரை கொண்டு வந்து உண்மையைச் சொல்லிவிடும்.

நடத்தையும் உதவும். மெர்ல் பரபரப்பான பறவை: கத்தும், தாவும், பழமரத்தில் சண்டை போடும், மரத்துக்கு மரம் பறக்கும். துயித்-துயித்துக்கு அவசரமே கிடையாது. மேல்கிளையில் வந்து உட்காரும். தலையை மெதுவாகத் திருப்பி இலைகளின் அடிப்பக்கத்தைப் பார்க்கும். இரண்டடி நகரும், மறுபடி பார்க்கும். உணவு பெரும்பாலும் பூச்சி: கம்பளிப்புழு, வண்டு, குச்சிப்பூச்சி. இலைக்குப் பின்னால் ஒளிந்திருப்பதைத் தேடுகிற பறவைக்குப் பொறுமை வேண்டியிருக்கிறது. இதனால் பார்ப்பவருக்கு ஒரு வசதியும் ஒரு சிக்கலும்: கண்டுபிடித்துவிட்டால் நன்றாகப் பார்க்க நேரம் கிடைக்கும், ஆனால் அசைவை வைத்துக் கண்டுபிடிப்பது கடினம்.

பெண்ணுக்கு வேறு உடை. மேலே கரும்பழுப்பு. கண்ணுக்கு மேல் ஒரு வெள்ளைக் கோடு. வெளுத்த மார்பிலும் வயிற்றிலும் மெல்லிய கருங்கோடுகள். தமிழ்நாட்டில் கருந்தலைக் குயில்கீச்சானின் பெண்ணைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கோடுகள் உடனே பிடிபடும். மற்றவர்கள் இப்படி ஒரு பறவை பட்டியலிலேயே இல்லையே என்று குழம்புவார்கள். நல்லவேளையாக, வயிற்றில் குறுக்குக் கோடு போட்ட வேறு காட்டுப்பறவை இந்தப் பாதையில் இல்லை. கோடும் புருவக்கோடும் தெளிவாகத் தெரிந்துவிட்டால் விவாதமே வேண்டாம். பெண் அமைதியானது என்பதால் பதிவுகளில் ஆண்களே அதிகம் இடம்பெறும். இது எண்ணிக்கைக்கு ஒரு பெரிய சிக்கல். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு வகை வெள்ளைக்கண்ணிகளும் துயித்-துயித்தில் பாதி நீளம்தான். தெக்-தெக் எனும் புதர்ச்சிட்டு, பாதையோரத் தாழ்கிளையில் உங்கள் முன்னாலேயே வந்து உட்காரும், குழப்பமே இல்லை. ஸ்வாசோ லா வியெர்ஜ் என்று அழைக்கப்படும் அரசவால் ஈப்பிடிப்பானுக்குச் செம்பழுப்பு முதுகு. செம்மீசைச் சின்னான் நம் ஊர்ப் பறவையேதான், மொரீஷியஸ் வழியாக வந்தது. கொண்டையைப் பார்த்தாலே தெரியும். பப்பாங் எனும் பூனைப்பருந்து மரங்களுக்கு மேல் தாழப் பறந்தால் காடு முழுவதும் வாயடைத்துப் போகும். அப்போது நடக்காமல் பத்து நிமிடம் நின்றுவிடுவது உத்தமம்.

இனி காது. உண்மையில் இந்தப் பறவையைக் கண்டவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்டவர்கள்தான். ஆணின் பாட்டு தெளிவான விசில்: துயி-துயி-துயி-துயி-துயி. ஒரே அசை, இடைவெளி மாறாமல், மறுபடி மறுபடி. தொடரின் நீளம் கூடும் குறையும், அசை மாறாது. நடுவில் இழுப்போ உருட்டலோ இராகமோ வந்தால் அது வேறு பறவை. ஜோடிக்குள் பேசிக்கொள்ளும் குறுகிய, கரகரப்பான அழைப்பும் உண்டு. அதை மட்டும் வைத்து யாரும் உறுதி சொல்லக் கூடாது. ஈப்பிடிப்பானும் கரகரக்கும், மெர்லும் கரகரக்கும்.

காதை ஏமாற்றும் முக்கியமான ஆள் செவ்வலகு லியோத்ரிக்ஸ். கூண்டுப்பறவையாக ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, தப்பித்து, உயரக் காடுகளில் பரவிவிட்ட சிறு பறவை. அடர்ந்த புதருக்குள் இருந்துகொண்டு உரத்த, இனிமையான, வளைந்து நெளியும் பாட்டைப் பாடும். அதன் தொடக்கத்தில் வரும் இரண்டு மூன்று விசில்களை மட்டும் கேட்டுவிட்டு நடந்துபோகிறவர் குறிப்பேட்டில் துயித்-துயித் என்று எழுதிவிடுவார். மருந்து எளிது: பாட்டு முடியும்வரை நிற்பது, பிறகு அடுத்த தொடருக்கும் நிற்பது. இரண்டாவது தொடரும் அதே அசையில், அதே வேகத்தில் வந்தால் நம்பலாம். ஒலி வரும் உயரமும் ஒரு குறிப்பு: லியோத்ரிக்ஸ் இடுப்பு உயரப் புதரிலிருந்தும் மூங்கில் தட்டையிலிருந்தும் பாடும், துயித்-துயித் தலைக்கு மேலே மரமுடியிலிருந்து பாடும். ஆனால் சரிவான நிலத்தில் கீழே நிற்கும் மரத்தின் முடி உங்கள் காலுக்குக் கீழே இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேட்கும் முறை இது. நூறு மீட்டருக்கு ஒருமுறை நில்லுங்கள். ஐந்து நிமிடம் முழுதாக நில்லுங்கள். கைப்பேசியில் நேரம் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் காட்டில் இரண்டு நிமிடமே ஐந்து நிமிடமாகத் தோன்றும். மழைக்கோட்டைக் கழற்றிவிடுங்கள், அதன் சரசரப்பு பாதி ஒலியைத் தின்றுவிடும். ஒலி கேட்டதும் அதை நோக்கி நடக்காமல், முதலில் தலையை மெதுவாக இரு பக்கமும் திருப்பி எந்தத் திசையில் இரு காதுக்கும் சமமாகக் கேட்கிறது என்று பிடியுங்கள். திசையைக் குறித்துக்கொண்டு பாதையிலேயே முப்பது நாற்பது மீட்டர் நகர்ந்து மறுபடி திசை பிடியுங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில்தான் மரம். மூடுபனியில் ஒலி அருகில் கேட்பதுபோல் இருக்கும்; பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவிலிருந்து வருகிற பாட்டை இந்தப் பக்கத்து மரத்தில் தேடிக்கொண்டிருப்பது வழக்கமான ஏமாற்றம். இரண்டாவது திசை முதல் திசையிலிருந்து கொஞ்சமும் மாறவில்லை என்றால் பறவை தொலைவில் இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

பாதையை விட்டு இறங்க வேண்டாம். அது தேசியப் பூங்காவின் மையப்பகுதி. 1999 முதல் இயற்கைக் காப்பகமாக இருந்து, 2007-இல் பூங்காவோடு சேர்ந்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், கலுமே எனும் உள்நாட்டு மூங்கில் பாதையின் இருபுறமும் அடர்ந்து நிற்கிறது. அதற்குள் நுழைந்தால் நீங்கள் எழுப்பும் சத்தத்தில் பறவை பாடினாலும் கேட்காது.

பாதை எது? சென் தெனியிலிருந்து லெ பிரூலே வழியாக முக்கால் மணி நேரம் காரில் ஏறினால் மமோத் கேம்ப். ஏறக்குறைய 1200 மீட்டர் உயரம், வண்டி நிறுத்த இடம் உண்டு. அங்கிருந்து பிளென் தே ஷிகோ மலைவிடுதிவரை (1834 மீட்டர்) இரண்டு முதல் இரண்டரை மணி நேர ஏற்றம். தொடக்கத்தில் நட்டு வளர்த்த கிரிப்டோமேரியா மரங்கள். அதில் நேரத்தை வீணாக்காதீர்கள். அதைத் தாண்டி, பல இன மரங்கள் கலந்த உள்நாட்டு மழைக்காடு தொடங்கும் இடத்திலிருந்து காதைத் தீட்டுங்கள். மாஓ, தான் ரூஜ், மரப்பெரணி எல்லாம் கலந்து, கிளைகளில் பாசியும் லைக்கனும் தொங்கும் காடு. மேலே போகப்போகத் தமரென் மரங்கள் வரும். பெயர்தான் புளியை நினைவூட்டும், மரம் அகேசியா இனம். விடுதியைத் தாண்டி பிரான்ல் எனும் எரிக்காப் புதர்கள் மட்டும் நிற்கும் வெளி வந்துவிட்டால் தேடலை நிறுத்திவிட்டுக் காட்சியை ரசிக்கப் போகலாம்: சிகரத்திலிருந்து சலாசி, மஃபாத் பள்ளங்கள் இரண்டும் தெரியும். சுருக்கமாக, 1400 மீட்டருக்கும் 1800 மீட்டருக்கும் இடைப்பட்ட காடுதான் களம். பாதை பெரும்பாலும் தெற்கு நோக்கி ஏறுவதால் காலை வெயில் உங்கள் இடப்பக்கத்திலிருந்து வரும். வலப்பக்க மரங்களில்தான் நிறம் சரியாகத் தெரியும். இடப்பக்கத்துப் பறவைகள் எல்லாம் கரிய நிழல்களே.

மாதம் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை. ஆண்கள் எல்லை காத்துப் பாடும் காலம் அது. ஜனவரியிலிருந்து புயல் பருவம் தீவிரமாகும். தைப்பூசக் காவடி நாட்களை ஒட்டிப் பெருமழை பெய்தால் பாதையே மூடப்படும், கிளம்புவதற்கு முன் வனத்துறையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் விடியலிலிருந்து ஒன்பது மணிவரை. அதன்பின் கடலிலிருந்து மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். நவம்பர் இறுதியில் சூரிய உதயம் ஐந்தரையை ஒட்டி. மமோத் கேம்ப்பிலிருந்து நடந்தே விடியலில் களத்தில் இருக்க வேண்டுமானால் நாலரைக்குள் தலைவிளக்கோடு கிளம்ப வேண்டும். அதைவிட நல்ல வழி, முந்தைய நாள் மாலை விடுதியில் தங்கி, விடியலில் மேலிருந்து கீழே இறங்குவது. மூச்சு வாங்காது, எனவே காது நன்றாகக் கேட்கும். படுக்கையை முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் விடியற்காலைக் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே போகும், வெப்பமண்டலம் என்று நம்பி மெல்லிய சட்டையோடு வருகிறவர்கள் பாதி வழியில் திரும்பிவிடுகிறார்கள்.

தொலைநோக்கியில் 8×42 எடுங்கள். 10×42 இன்னும் பெரிதாகக் காட்டுமே என்று வாங்குகிறவர்கள் உண்டு. ஆனாலும் 8×42 என்று சொல்வதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது: முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மில்லிமீட்டர், 10-ஆல் வகுத்தால் 4.2. மூடுபனிக் காட்டில் அந்த ஒரு மில்லிமீட்டர்தான் அலகின் நிறத்தைக் காட்டும். தவிர, ஏறி இளைத்த கையில் பத்து மடங்குக் கருவியின் காட்சி அதிகம் ஆடும். சில்லிட்ட கருவியை மேலங்கிக்குள் செருகாதீர்கள். உடலின் சூடான ஈரக்காற்று பட்டு வில்லையில் ஆவி படியும். வெளியிலேயே தொங்கட்டும், துடைக்கக் காய்ந்த துணி இரண்டு.

கேமராவில் ஒளியளவைத் தானியங்கிக்கு விட்டால் வெள்ளை மேகத்தைப் பார்த்துப் பறவையைக் கரியாக்கிவிடும். +1 முதல் +1.7 வரை கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். பின்னணி வெளுத்துப்போனால் போகட்டும், அலகும் முகமும் தெரிய வேண்டும். பறவை மெதுவானது என்பதால் 1/250 விநாடி பெரும்பாலும் போதும். முதல் படம் எடுத்தவுடன் திரையைப் பார்த்துக்கொண்டிருக்காமல், அது பறக்கும் வரை குறிவைத்தபடி இருங்கள். வால் விரியும் படம் அந்தக் கடைசிக் கணத்தில்தான் கிடைக்கும்.

பாட்டைப் பதிவு செய்யக் கைப்பேசி போதும். ஆனால் இரைச்சல் நீக்கும் வசதி போட்ட குரல்பதிவுச் செயலிகள், மனிதக் குரல் அல்லாத விசிலை இரைச்சல் என்று நினைத்து அழித்துவிடும். அந்த வசதியை அணைத்து, சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஒரு நிமிடம் அசையாமல் பிடித்து, முடிவில் உங்கள் குரலிலேயே நேரம், உயரம், திசை சொல்லி முடியுங்கள். வீட்டில் அலைவரிசைப் படமாக விரித்துப் பார்த்தால் ஒரே வடிவம் வரிசையாக நிற்பது துயித்-துயித். ஒவ்வொன்றும் வேறு வடிவமாக நெளிவது லியோத்ரிக்ஸ். செயலி தானாகச் சொல்லும் பெயரைச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது ஒரு யூகம் மட்டுமே.

இங்கே கடுமையாகச் சொல்ல வேண்டிய ஒன்று. பாட்டை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். பெரிய காடுகளில், ஆயிரக்கணக்கில் இருக்கும் பறவைகளிடம்கூட இது நல்ல பழக்கம் இல்லை. நூறு ஜோடிக்கும் குறைவாக இருக்கும் இனத்திடம், எல்லோரும் நடக்கும் ஒரே பாதையில், இது நேரடித் தீங்கு. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டதாக நினைத்து ஆண் இரைதேடுவதை விட்டு வரும். கூடு கவனிப்பாரற்றுப் போகும். ஒவ்வொரு வார இறுதியும் நாலைந்து பேர் இதையே செய்தால் அந்த எல்லையில் அமைதி இருக்காது. 1989-ஆம் ஆண்டு ஆணைப்படி பாதுகாக்கப்பட்ட இனம், தொந்தரவு செய்வது குற்றமும்கூட. இதைத் தவிர, அடையாளம் காண்பதற்கே இது கேடு: உங்களுக்கு நூறு மீட்டர் முன்னால் ஒருவர் கைப்பேசியில் போட்ட பாட்டை நீங்கள் பறவை என்று எழுதிவிடுவீர்கள். சந்தேகத்துக்கு இடமில்லாத அளவு சுத்தமான பாட்டு, ஒரே நீளத்தில் மூன்று தரம் அச்சடித்தாற்போல் கேட்டால், வளைவில் யார் நிற்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பாட்டைப் பழகுவதானால் ஊரிலேயே, வீட்டில் கேட்டுப் பழகிவிட்டு வாருங்கள்.

பறவை வாயில் லைக்கனோ புழுவோ வைத்துக்கொண்டு தயங்கி நின்றால் அருகில் கூடு இருக்கிறது. உடனே நகர்ந்துவிடுங்கள். கிளைக்கவட்டில் லைக்கன் ஒட்டிய சிறு கிண்ணம்தான் கூடு; எவ்வளவு மறைவாக இருந்தாலும் எலிக்குத் தெரியும். முட்டையையும் குஞ்சையும் தின்று இந்த இனத்தை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததில் கருப்பெலிக்கே பெரிய பங்கு, அடுத்தது காட்டுக்குள் போன பூனை. செயோர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ரெயூனியன் பறவையியல் சங்கம் இங்கே பல ஆண்டுகளாக எலிக் கட்டுப்பாடு செய்துவருகிறது. 2018 முதல் 2023 வரை ஐரோப்பிய லைஃப் திட்டம் ஒன்றின் துணையும் இருந்தது. பாதையோரம் எலிப்பெட்டி கண்டால் திறந்து பார்க்க வேண்டாம், உள்ளே நஞ்சு இருக்கும். சமோசா மீதியையும் கட்டுச்சோற்றின் கடைசிப் பருக்கையையும் "குருவி தின்னட்டும்" என்று புதரில் கொட்டுகிற நம் வழக்கத்தை இந்த மலையில் விட்டுவிட வேண்டும். அதைத் தின்ன வருவது எலிதான். கிளம்புமுன் காலணியின் அடியைத் துலக்குங்கள். செங்கொய்யா விதை அதில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறினால் காட்டின் அடித்தளத்தையே மூடிவிடும்.

குறிப்பெழுதும் முறைக்கு வருவோம், பெண்ணைப் பற்றி மேலே நிறுத்திய பேச்சுக்கும். "துயித்-துயித் 1" என்று எழுதினால் அதனால் யாருக்கும் பயனில்லை. பார்த்ததா, கேட்டதா, இரண்டுமா? ஆணா, பெண்ணா? பாட்டா, கரகரப்பா? நேரம், உயரம், எத்தனை நிமிடம்? ஒரு நல்ல குறிப்பு இப்படி இருக்கும்: "06.40, 1620 மீ., ஆண், பாட்டு 4 தொடர், பின் கண்டது, முகமூடியும் வாலின் வெள்ளையும் தெளிவு, அலகு கருமை, பெண் காணவில்லை, 12 நிமிடம்." அதில் வரும் "பெண் காணவில்லை" என்ற இரண்டு சொல்லை வீண் என்று நினைக்க வேண்டாம். ஜோடி கிடைக்காத ஆண்களும் எல்லை பிடித்துப் பாடும், சில சமயம் ஜோடியுள்ள ஆணைவிட விடாமல் பாடும். பாட்டைக் கேட்ட இடத்திலெல்லாம் ஒரு ஜோடி என்று கணக்கிட்டால் இனம் இருப்பதைவிடச் செழிப்பாகத் தெரியும். அதனால் ஒரு பெண்ணைப் பற்றிய உறுதியான குறிப்பு, பத்து ஆண்களின் பாட்டைவிட மதிப்புள்ளது.

அதேபோல், காலை ஆறரைக்கு ஓரிடத்தில் பாடிய ஆணும், ஏழேகாலுக்கு இருநூறு மீட்டர் மேலே பாடிய ஆணும் ஒன்றாக இருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் பாடி, இரண்டு திசையிலிருந்தும் கேட்டால் மட்டுமே இரண்டு என்று எழுதுங்கள். காலில் வண்ண வளையம் தெரிந்தால் எந்தக் கால், மேலிருந்து கீழாக என்ன வரிசை என்பதையும் சேர்த்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். இடக்கால் வலக்கால் என்பது பறவையின் இடம் வலம், உங்களுடையது அல்ல. சமூக வலைத்தளத்தில் படம் போடுவதில் தவறில்லை. கூட்டின் இடத்தையும் வரைபடப் புள்ளியையும் போடாதீர்கள், கைப்பேசி படத்துக்குள் அதைத் தானாகவே எழுதி வைத்திருக்கும் என்பதால் அனுப்புமுன் நீக்குங்கள்.

அவ்வப்போது பெலூவ் காட்டிலிருந்தும் சிலாவோஸ் பக்கமிருந்தும் எரிமலைப் பாதையிலிருந்தும் "இங்கேயும் துயித்-துயித்" என்று சேதி வரும். காடு நன்றாகத்தான் இருக்கிறது, இருக்க வேண்டிய இடம்போலவும் தோன்றும். ஆனாலும் இன்று அறியப்பட்ட வாழிடம் பிளென் தே ஷிகோவும் அதை ஒட்டிய பிளென் தஃபூஷும் மட்டுமே. வேறிடத்திலிருந்து வருகிற சேதியை, அலகும் முகமூடியும் ஒரே படத்தில் தெரியும்வரை, அல்லது மூன்று முழுத் தொடர்கள் இரைச்சலின்றிப் பதிவாகும்வரை, இளம் மெர்ல் என்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.